மைனஸ் பத்தொன்பது

விசாரணைக்கென்று என் லேப்டாப்பை எடுத்துச் சென்றபோது சார்ஜரை மறந்துவிட்டீர்கள், இன்ஸ்பெக்டர் சார். கையோடு கொண்டுவந்திருக்கிறேன், வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி பத்து நிமிடம் தாங்காது.

ஐம்பத்திரண்டு வயதில், இணையப் பக்கம் எழுத உதவும் பிஎச்பி மொழியைக் கற்றுக்கொள்வது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது என் தொழில். கிளட்ச் எது பிரேக் எது என்று தெரியாதவர்களோடு இருபது வருடம் மல்லுக்கட்டியவனுக்கு, வரி முடிவில் விட்டுப்போகும் ஓர் அரைப்புள்ளி எம்மாத்திரம்? சர்வர் எங்கோ குளிர்ந்த அறையில் இருக்க வேண்டும் என்பதில்லை. நம் கம்ப்யூட்டரிலேயே நிறுவி, நாமே எழுதிய பக்கத்தை நாமே திறந்து பார்க்கலாம். வெளியில் ஈ காக்கைக்குத் தெரியாது.

முதல் பக்கத்தை என் மனைவிக்காகத்தான் எழுதினேன். அவளுக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. டயாலிசிஸ் பக்கத்துத் தெரு மையத்தில் நடந்தது. மாற்றுச் சிறுநீரகத்துக்கான பட்டியலில் பெயர் கொடுக்க மட்டும் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். போனேன். கொடுக்காமல் திரும்பினேன். "பேர் குடுத்தாச்சாங்க?" என்றாள். அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை.

அந்தப் பக்கத்தில் மருத்துவமனையின் சின்னம், அவள் பெயர், வரிசை எண் 140. தினமும் ஒன்று குறையும். மொத்தமே பதினெட்டு வரி. காலையில் எழுந்ததும் அதைத்தான் பார்ப்பாள். முகவரியில், இதே கம்ப்யூட்டர் என்று பொருள்படும் 'லோக்கல்ஹோஸ்ட்' இருந்ததைக் காட்டி, "இது என்னங்க?" என்றாள். உள்ளூர்க் கிளை என்றேன். நம்பிவிட்டாள். சாப்பாடு இறங்கியது, என் தொப்பையைக் கிண்டல் செய்யக்கூட ஆரம்பித்தாள். எந்த டாக்டரால் இது முடிந்தது, சொல்லுங்கள்.

எண் பதினொன்றில் இருந்தபோது அவள் தம்பி வந்தான். "என்னோடத எடுத்துக்கோக்கா. நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரில டெஸ்ட் குடுத்துடறேன்."

அவள் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். "இன்னும் பதினோரு பேருதான்டா. ரெண்டு சின்னப் பிள்ளைங்கள வச்சுக்கிட்டு நீ எதுக்கு வயித்தக் கிழிச்சுக்கணும்? போய்ப் பொழப்பப் பாரு."

அவன் என்னைப் பார்த்தான். அக்கா சொல்வதுதான் சரி என்றேன்.

பூஜ்யத்தில் நிறுத்தும் நிபந்தனையை எழுத மறந்திருந்தேன். புதிதாகப் படிப்பவர்கள் எல்லோரும் செய்கிற தப்புதான். ஒரு காலையில் மைனஸ் ஒன்று வந்து நின்றது. "நம்மளத் தாண்டிப் போயிட்டாங்களாங்க?" என்று பதறினாள். இனிமேல் உனக்குத்தான் முன்னுரிமை என்றேன். பையில் இரண்டு நைட்டியை மடித்து வைத்துக்கொண்டாள். போன் அடித்தால் என்னை முந்திக்கொண்டு போய் எடுப்பாள். மைனஸ் பத்தொன்பதன்று மூச்சு முட்டி இறந்துபோனாள்.

தம்பியைப் போகவிட்டிருக்கலாமே என்கிறீர்கள். அவன் போயிருந்தால் அவளுடைய கோப்பைத் திறந்திருப்பார்கள். பெயர் கொடுக்கப் போனபோது, முதலில் வீட்டில் இருப்பவர்களைப் பார்ப்போம் என்று என் ரத்தத்தைத்தான் எடுத்தார்கள். கணவருடையது பொருந்துகிறது, தர விருப்பமில்லை என்று எழுதிய தாளில் நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவள் பெயரைப் பட்டியலில் சேர்த்தால் அந்தத் தாள் அவள் கைக்கும் போகும் என்றார்கள். சேர்க்காமல் வந்துவிட்டேன்.

அதற்காக என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். அவள்தான் கடைசிவரை என்னிடம் கேட்கவே இல்லை.