லிஃப்ட் அறையிலிருந்து சில ஒலிகள்

இணையத்தில் புதிதாகக் கணக்குத் தொடங்கும்போது ஒரு கட்டம் வரும்: உங்கள் ஆர்வங்கள் என்னென்ன? அதன் முன்னால் நான் முக்கால் மணி நேரம் விழித்துக்கொண்டிருந்தேன், சார். ஐம்பத்தொரு வயதாகியும் எனக்கு எதில் ஆர்வம் என்று எனக்கே தெரியவில்லை.

"சும்மா உக்காந்திருக்கிறதுன்னு போடுங்க. பொய் சொன்ன பாவமும் வராது," என்றாள் மனைவி.

அவள் சொன்னதில் தப்பில்லை. பதினொரு மாடிக் கட்டடத்துக்கு லிஃப்ட் மெக்கானிக் நான். தரைத்தளத்தில் எட்டுக்கு ஆறு அறை, ஜன்னல் கிடையாது. ஒரு நாற்காலி, லிஃப்டுக்குள் இருப்பவரோடு பேச ஒரு ஸ்பீக்கர். லிஃப்ட் ஒழுங்காக ஓடும்வரை நான் ஒருவன் இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது.

முதலில் செடி வளர்ப்பவர்களின் தளத்தில் சேர்ந்தேன். வரவேற்பறைச் செடியைப் படமெடுத்துப் போட்டேன். அது பிளாஸ்டிக் என்று ஒரு பெண்மணி கண்டுபிடித்துவிட்டார். பயணம் போகிறவர்களின் தளத்தில், எங்கெல்லாம் போயிருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். பதினொன்றாம் மாடி வரை என்று எழுதக் கை வரவில்லை. கடைசியில் ஒலிகளைப் பகிர்கிறவர்களின் தளம் அகப்பட்டது. மழை, மிக்ஸி, ரயில் என்று ஆளுக்கொன்று போடுகிறார்கள். நான் லிஃப்ட் மோட்டாரின் சத்தத்தைப் போட்டேன். இரண்டு லைக் விழுந்தது. ஒன்று, கை தவறி நானே போட்டது.

பிறகுதான் ஏழாம் மாடி வக்கீல் லிஃப்டில் மாட்டிக்கொண்டார். அது நிஜமான பழுது. மாட்டிக்கொண்டவருக்கு முதலில் பேச்சுக் கொடுக்க வேண்டும். எங்கள் தொழிலில் அது பாலபாடம். கொடுத்தேன். ஆறாவது நிமிடத்தில், தன் அப்பாவின் சாவுக்குப் போகாததைச் சொல்லி அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. இளகிய மனசு, என்ன செய்ய. செல்போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்திருந்தேன். பெயரை வெட்டிவிட்டுத்தான் தளத்தில் போட்டேன். அந்த நாகரிகம் எனக்கு உண்டு.

அறுநூறு பேர் கேட்டார்கள். ‘அடுத்தது எப்போது?’ என்று எழுதினார்கள். அதுவரை என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

அடுத்த பழுதுக்காக நான்கு வாரம் காத்திருந்தேன். வேலையை நான் ஒழுங்காகச் செய்கிறவன், அதனால் பழுது வரவில்லை. அதற்குப் பிறகு வந்த பதினான்கும் நானே வரவழைத்தவை. ஒரு சுவிட்ச் போதும். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்கள்.

பதினைந்தாவதுதான் மூன்றாம் மாடித் தையற்காரம்மா. பகல் இரண்டு மணிக்கு நூல் வாங்கிக்கொண்டு திரும்பினார். கலகலப்பாகப் பேசுகிறவர் என்பதால் தேர்ந்தெடுத்தேன். அன்றுதான் முதல் நேரலை. ஆயிரத்து இருநூறு பேர் இருந்தார்கள்.

"என்ன தம்பி, நின்னு போச்சா?"

"ஆமாங்கம்மா. பத்தே நிமிஷம்."

"மெதுவாவே பாருப்பா. ஜாக்கெட் கேட்டு ஒருத்தி கடை வாசல்ல நிக்கிறா. இன்னும் துணியவே வெட்டல. பழிய உன் லிஃப்ட் மேல போட்டுக்கறேன்."

சிரிப்புப் படங்களாக வந்து குவிந்தன. நானும் சிரித்தேன். பத்து நிமிடம் இருபதாயிற்று.

"தம்பி, எனக்கு வீசிங் உண்டுப்பா. இன்ஹேலரை மெஷின் மேலயே வச்சிட்டு வந்துட்டேன். கொஞ்சம் சீக்கிரம் பாரேன்."

‘கதவைத் திற’ என்று சிலர் எழுதினார்கள். ‘இன்னும் கொஞ்சம்’ என்று சிலர். எண்ணிக்கை இரண்டாயிரத்தைத் தாண்டியது. என் அறைக்குள் அத்தனை பேர் வந்ததே இல்லை, சார்.

முப்பதாவது நிமிடத்தில் அவர் பேச்சு துண்டு துண்டாக வந்தது. "பயமா இருக்குப்பா. எங்கயும் போயிடாத. பேசிக்கிட்டே இரு."

சுவிட்ச் வெளியே நடைவழியில் இருக்கிறது. நான்கு எட்டு வைத்தால் போதும். ஆனால் எழுந்து போனால் என் குரல் அவருக்குக் கேட்காது. வாய்விட்டுக் கேட்ட மனுஷியை அப்படி விட்டுவிட்டுப் போக முடியுமா?

மூன்று மணிக்கு முன்பே மூச்சு நின்றிருக்கும் என்கிறீர்கள். சரியாகத்தான் இருக்கும். பதில் வராமல் போன பிறகும் பதினொரு நிமிடம் நான் பேசியிருக்கிறேன். பதிவு முழுவதையும் கேட்டுப் பாருங்கள், சார். ஒரு நொடிகூட அவரை நான் தனியாக விடவில்லை.