கிளவுஸுக்குள்ள மோதிரம்

…வெட்டினதுதான் வெட்டினாங்க, ஒழுங்காவாவது வெட்டியிருக்கக் கூடாதா? பாருங்க தம்பி, அந்தக் கண்ணாடிய மாட்டிக்கிட்டு நல்லா பாருங்க. ரம்பம் போட்ட எடம் பல்லுப் பல்லா நிக்குது. அதுக்கப்புறம் ரெண்டு பக்கமும் புடிச்சுப் பிரிச்சிருக்காங்க, ஏதோ சாவி வளையத்தப் பிரிக்கிற மாதிரி. கல்யாண மோதிரம் தம்பி இது! எம் பொண்ணு தன் கையால போட்டுவிட்டது. ஒட்டிடலாம்ல? … தெரியும் தெரியும், நீங்க பத்த வைக்கிறதும்பீங்க. ஏதோ ஒண்ணு. பழையபடி ஆயிடும்ல?

யாரு வெட்டினாங்கன்னு நீங்க கேக்கவே இல்ல. கேக்காட்டி என்ன, நான் சொல்றேன். டாக்டர். ஆஸ்பத்திரி டாக்டர் இல்ல, ஃபுட்பால் டீமோட டாக்டர். எங்க மாப்பிள்ளை கோல்கீப்பர். … ஆமா, அந்த டீம்தான். … ஆமாமா, அவரேதான். … சனிக்கிழமை ஏன் ஆடலையா? அட, அதைத்தானே தம்பி வந்ததுலேர்ந்து சொல்லிக்கிட்டிருக்கேன்!

எல்லாரும் வரிசையா நின்னாச்சு. மைதானத்துக்குள்ள போறதுக்கு ஒரு சந்து இருக்குல்ல, ரெண்டு டீமும் பக்கம் பக்கமா முறைச்சுக்கிட்டு நிப்பாங்களே, அங்க. வெளியில பாட்டெல்லாம் போட்டாச்சு, ஜனம் கத்துது. அப்ப ஒருத்தர் வந்தாரு. விசில் ஊதறவர் இல்ல, நாலாவது ஆளு. கோட்டுக்கு வெளியில நின்னு பலகையத் தூக்கித் தூக்கிக் காட்டுவாரே, அவரு. அது ஒண்ணுதான் அவரு வேலைன்னு நான் நெனச்சிருந்தேன். இல்லையாம். யாரு என்ன போட்டிருக்காங்கன்னு பாக்கறதும் அவருதானாம். காதுல கடுக்கன் இருக்கா, கழுத்துல சங்கிலி இருக்கா, ஷூவுக்கு அடியில கூரா ஏதாவது இருக்கா… பள்ளிக்கூடத்துல நகம் பாப்பாங்களே, அந்த மாதிரி. நேரா எங்க மாப்பிள்ளைகிட்ட வந்தாரு. "கிளவுஸக் கழட்டுங்க"ன்னாரு.

வேற யாருகிட்டயும் கேக்கல. அதைக் கவனிங்க. எதிர் டீம் கீப்பரும் அங்கதான் நிக்கறாரு. அவரு கிளவுஸுக்குள்ள என்ன வச்சிருக்காருன்னு யாருக்குத் தெரியும்? பாம்பே இருந்தாலும் கேக்க மாட்டாங்க. எங்க மாப்பிள்ளைகிட்ட மட்டும் கேட்டா, யாரோ போட்டுக் குடுத்திருக்காங்கன்னுதானே அர்த்தம்?

கழட்டினாரு. மோதிரம் இருந்துச்சு. இருக்கத்தானே செய்யும்! எடுங்கன்னாரு. வராதுங்கன்னாரு மாப்பிள்ளை. மேல டேப்பு சுத்திக்கறேன்னு கேட்டிருக்காரு. சின்னச் சின்ன டீம்ல ஆடின காலத்துல அப்படித்தான் சுத்திக்குவாரு, ஒருத்தரும் வாயத் தொறந்ததில்ல. இங்க ஆகாதாம். பெரிய லீக்காம், சட்டப் புஸ்தகத்துல இருக்காம், டேப்பு போட்டு மறைச்சாலும் நகை நகைதானாம். ஏங்க, அதுக்கு மேலதான் இவ்வளவு தடிக்கு கிளவுஸு இருக்கே, யார் கண்ணக் குத்தப் போகுது? கேக்கல.

சோப்பு போட்டாங்க. எண்ணெய் போட்டாங்க. ஐஸ் வச்சாங்க, நூல் சுத்தி இழுத்தாங்க. ஆளாளுக்கு இழுத்ததுல விரல் கத்திரிக்காயாட்டம் வீங்கிப் போச்சு. டாக்டர் ரம்பத்த எடுக்கறதுக்குள்ள ஆட்டத்துக்கு நேரமாயிடுச்சு. ஒரு விரலுக்காக ஊரையே காக்க வைக்க முடியாதுன்னு கோச் ரெண்டாவது கீப்பர உள்ள அனுப்பிட்டாரு. அவருக்குக் கல்யாணம் ஆகல. விரலெல்லாம் மொழுமொழுன்னு இருக்கும். போனவரு சும்மா நின்னுட்டு வரக் கூடாதா? பெனால்டியப் புடிச்சுத் தொலைச்சுட்டாரு.

இப்ப அடுத்த சனிக்கிழமைக்கு யாருன்னு கேட்டா, கோச் "யோசிக்கிறேன்"ங்கறாராம். யோசிக்கிறேன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? கைக்குழந்தையோட வீடு வாடகைக்குத் தேடி அலைஞ்சவ நான். எத்தனை யோசிக்கிறேன் கேட்டிருப்பேன்!

… பின்னாடி நிக்கிறவங்களா? நிக்கட்டும் தம்பி. கம்மல் திருகாணிதானே, அது எங்கயும் ஓடிப் போகாது. இங்க ஒரு குடும்பமே நிக்குது.

எனக்கு என்ன ஆத்தாமைன்னா, இந்தச் சட்டம் போடறவங்க எங்க உக்காந்து போடறாங்க? ஒரு ஆளு கோல் போட்டுட்டு சந்தோஷத்துல சட்டையக் கழட்டினா மஞ்ச கார்டு. முழுசாக் கூடக் கழட்ட வேண்டாம், தலை வரைக்கும் தூக்கினாலே கார்டு. உள்பனியன்ல "அம்மா, உடம்பப் பாத்துக்கோ"ன்னு எழுதியிருந்தா அதுக்குத் தனியா விசாரணை. உள்ள போடற டிராயர் மேல போடற டிராயர் கலர்லயே இருக்கணும். சாக்ஸு மேல சுத்தற டேப்பு சாக்ஸு கலர்ல இருக்கணும். எங்க வீட்டுல தலைகாணி உறைக்குக் கூட நான் இவ்வளவு பாத்ததில்ல. ஆனா நெஞ்சு மேல, இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும், பெயின்ட் கம்பெனி பேரு போட்டுக்கலாம்! முதுகுல டயர் கம்பெனி! அது தப்பில்ல. பெத்தவ பேரு தப்பு, பெயின்ட் பேரு சரி. மனுஷனுக்கு மனசுல இருக்கறத எங்கதான் போட்டுக்கறது? ஒரு விரல்ல போட்டுக்கிட்டாரு. அதையும் வெட்டிட்டாங்க.

… என்ன? அளவா? … அவ்வளவு சின்னதாவா இருக்கு? அது… விரல் பெருத்திருக்கும் தம்பி. பந்தப் புடிச்சுப் புடிச்சு. என்ன வேகத்துல வருது தெரியுமா அந்தப் பந்து?

நான் போட்டுக் குடுத்தவங்களப் பத்திச் சொல்லிக்கிட்டிருந்தேன். அந்த ரெண்டாவது கீப்பரா இருக்கலாம். பாத்தா சாது, ஆனா பெனால்டி புடிக்கிற சாது. இல்லன்னா துணி துவைக்கிறாரே ஒருத்தர், கிளவுஸையெல்லாம் அவருதான் காய வைக்கிறாரு, அவருக்குத் தெரியாம இருக்குமா?

… என்ன தம்பி காட்டறீங்க? … உள்பக்கத்துலயா? எனக்கு ஒண்ணும் தெரியல. … பத்த வச்ச பழைய தடமா? … ஏற்கெனவே ஒரு தடவை வெட்டி, சின்னதாக்கிப் பத்த வச்சிருக்கா! அப்பாடி, கண்ணு தம்பி உங்களுக்கு. அந்த நாலாவது ஆளே தேவலாம் போலிருக்கே.

சரி. நான்தான். கல்யாணத்துக்கு முன்னாடி வேற ஒரு கடைக்கு எடுத்துட்டுப் போய்ச் சின்னதாக்கினேன். அந்தக் கடைக்காரரும் சொன்னாரு, "போட்டா கழட்ட முடியாதும்மா"ன்னு. அதுக்குத்தானேப்பா வந்திருக்கேன்னேன். எம் பொண்ணு போட்டுவிடறப்ப மாப்பிள்ளை முகம் ஒரு மாதிரி சுருங்குச்சு. ஃபோட்டோவுல பாத்தவங்க எல்லாரும் வெக்கம்னு நெனச்சாங்க.

அப்படிப் பாக்காதீங்க. எங்க வீட்டுக்காரரு ரொட்டி ஃபேக்டரியில வேலை பாத்தாரு. மாவு பிசையற மெஷின்கிட்ட. அங்கயும் சட்டம்தான், மோதிரம் போடக் கூடாது. நியாயமான சட்டம், நான் ஒண்ணும் சொல்லல. காலையில கழட்டி சோப்பு டப்பாவுல வச்சுட்டுப் போவாரு. சாயந்திரம் வந்து போட்டுக்குவாரு. அப்புறம் ராத்திரி சாப்பிட்டு முடிச்சுப் போட்டுக்கிட்டாரு. அப்புறம் ஞாயித்துக்கிழமை மட்டும் போட்டுக்கிட்டாரு. ஒரு நாள் சோப்பு டப்பாவுல மோதிரம் இருந்துச்சு, வீட்டுல அவரு இல்ல. அவ்வளவுதான். அதுல சொல்றதுக்கு ஒண்ணுமில்ல.

மாப்பிள்ளையோ வாரத்துல பாதி நாள் வெளியூர். ஓட்டல்ல தங்கறாரு. நல்ல மனுஷன்தான். எங்க வீட்டுக்காரரும் நல்ல மனுஷன்தான், ஒரு கெட்ட வார்த்தை பேசினதில்ல. அதனாலதான் சின்னதாக்கினேன்.

போட்டுக் குடுத்தது யாருன்னா… அது இன்னும் சரியாத் தெரியல. … டிவியா? எந்த டிவி? … ஓ, நீங்களும் பாத்தீங்களா.

அது ஒரு பொண்ணு வந்துச்சு தம்பி, வெள்ளிக்கிழமை. கேமரா, லைட்டு, எல்லாம் எடுத்துக்கிட்டு. "வீரர்களின் குடும்பம்"னு நிகழ்ச்சியாம். எம் பொண்ணு உள்ள துணி மாத்திக்கிட்டிருந்தா. அது வரைக்கும் சும்மா இருக்க வேண்டாமேன்னு என்கிட்ட கேட்டுச்சு, உங்க மாப்பிள்ளையப் பத்தி நாலு வார்த்தை சொல்லுங்கம்மான்னு. நாலு வார்த்தைதான் சொன்னேன். "எங்க மாப்பிள்ளை மோதிரத்தக் கழட்டவே மாட்டாரு, ஆடறப்பக்கூட கிளவுஸுக்குள்ள போட்டிருப்பாரு"ன்னேன். நாலுக்கு மேல இருக்கும், சரி. நல்ல வார்த்தைதானே? அந்தப் பொண்ணு கண்ணு கலங்கிருச்சு. சாயந்திரமே போட்டுட்டாங்க. ரெஃப்ரியெல்லாம் வீட்டுல உக்காந்து குடும்ப நிகழ்ச்சி பாப்பாங்கன்னு நான் கண்டேனா? அவங்களுக்கு வேற வேலை இல்ல?

சனிக்கிழமையிலேர்ந்து எம் பொண்ணு என்கிட்ட பேசல. நேத்து வந்தா. இதை டிஷ்யூ பேப்பர்ல சுத்தி மேஜை மேல வச்சா. "இனிமே அவரு மோதிரமே போட மாட்டாரு, நீயே வச்சுக்கோ"ன்னா. போயிட்டா. மாப்பிள்ளை என்ன சொல்றாருன்னு கேட்டேன், காதுல வாங்கல. அவரும் பேசல. அவரு எப்பவுமே பேச மாட்டாரு, அதனால கோவமா, சாதாரணமான்னு கண்டுபுடிக்க முடியல. அதான் விடிஞ்சதும் உங்க கடை தொறக்கறதுக்கு முன்னாடியே வந்து நின்னேன். பழையபடி பண்ணிக் குடுத்துருங்க. அதே சின்ன அளவுதான். நானே கொண்டு போய்க் கையில குடுத்து, மன்னிப்… ஏதாவது சொல்லிக்கறேன்.

இருங்க, ஃபோன். யாரு இந்த நேரத்துல… அய்யோ. மாப்பிள்ளை.

சொல்லுங்க மாப்பிள்ளை. … நல்லா இருக்கேன். … கடையிலதான் இருக்கேன். … இல்ல, இன்னும் பத்த வைக்கல. … வேண்டாம்னு சொல்றீங்களா? … சரி. … என்னது, பெருசாவா? … ம். … கழட்டற மாதிரி. … ம். … அவ சொன்னாளா? அந்த சோப்பு டப்பா கதையையா? இவளுக்கு எதைச் சொல்றதுன்னு இல்ல… ம். … யாருகிட்ட? … என்கிட்டயா? எதுக்கு மாப்பிள்ளை, அங்கயே பூட்டு போட்ட அலமாரி இருக்குமே, இல்லன்னா அவகிட்ட குடுக்கலாமே… ம். … ம். … விரல் எப்படி இருக்கு? … வாய மூடிக்கிட்டு வரேன். … இல்ல, டிவிக்காரங்க கேட்டாலும். … சனிக்கிழமை நீங்க ஆடறீங்களா? … இன்னும் சொல்லலையா. … ஆடாம பெஞ்சுல உக்காந்தாலும் கழட்டித்தான் ஆகணுமா? என்ன சட்டமோ. … சரி மாப்பிள்ளை. வரேன்.

… ஒண்ணுமில்ல தம்பி. கண்ணுல உங்க அடுப்புப் புகை.

… புகை வராதா? சரி, வராது.

பெருசாக்கணுமாம். ஒவ்வொரு மேட்சுக்கு முன்னாடியும் கழட்டி என்கிட்ட குடுப்பாராம். முடிஞ்சதும் நான் திருப்பிக் குடுக்கணுமாம். ஏன் நான்னு கேட்டா, "உங்க கையில இருந்தா, அத்தை, நான் திரும்பி வந்து வாங்கிக்கிட்டுத்தானே ஆகணும்"ங்கறாரு. கல்யாணம் ஆனதுலேர்ந்து அந்த மனுஷன் என்கிட்ட இவ்வளவு நீளமாப் பேசினதில்ல.

ம். அப்ப பெருசாத்தான் பண்ணணும். இந்தாங்க, என் கட்டைவிரல அளந்துக்குங்க. பையில போட மாட்டேன், அந்தக் கூட்டத்துல பைய நம்ப முடியாது. அவரு விரல்ல சுலபமா ஏறி எறங்கணும், என் கட்டைவிரல்ல நிக்கணும். முடியுமா? … முடியும்ல. எவ்வளவு தங்கம் சேக்கணுமோ சேத்துக்குங்க.

என்ன ஒண்ணு, இனிமே ஒரு மேட்ச் விட முடியாது. மழை, வெயில், எதுவானாலும் போய் உக்காரணும். நடுவுல எந்திரிச்சு வரவும் முடியாது. அவரு ஆடினாலும் உக்காரணும், ஆடாட்டியும் உக்காரணும். அந்தச் சத்தமும், அந்த பிளாஸ்டிக் நாற்காலியும்…

எனக்கு அந்த ஆட்டமே சுத்தமாப் புடிக்காது தம்பி. வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்துருவீங்கல்ல?