எச்சில் பலகை

மழைக்காலத்தில் மையில் மண்ணெண்ணெய் கொஞ்சம் கூடச் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் அது துளியாகப் பறக்காது, கட்டியாக விழும். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல முடியும் இன்ஸ்பெக்டர் சார். ஏனென்றால் நீங்கள் மேசை மேல் வைத்திருக்கும் அந்தப் பலகை, இது தெரியாதவருக்கு வெறும் அழுக்குப் பலகை.

என் பேர் ஜம்புலிங்கம். வீடு இதே தீவில் பத்துபஸ்தி. மரக்கிடங்கில் மை அடிக்கிறவன். ரைட்டர் எழுதட்டும், நீ ரேகை வை என்றீர்கள். வேண்டாம், எனக்கு எழுத்து தெரியும். என் மகள் ஜெயமணி சொல்லிக்கொடுத்தது. நாற்பது வயசுக்கு மேல் படித்த எழுத்து, கோணலாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெஷின் பெரிய விஷயமில்லை. தகர டப்பாவில் மை, காலால் மிதிக்கிற பம்பில் காற்று, நுனியில் பித்தளை மூக்கு. மூக்கின் ஓட்டை ஊசி நுழைகிற அளவுதான். விசையை விரல் தொட்டால் மை துளித்துளியாகப் பீறிடும். காற்று அதிகமானால் புகை மாதிரி சிதறிப் போய்விடும். குறைந்தால் மூக்கிலேயே தொங்கி ஒழுகும். அடிக்கிறது யாருக்கும் வரும் சார். விரலை எடுத்து நிறுத்துகிறதுதான் வராது. எனக்கு அது வந்தது.

மரத்தூளும் உப்புக்காற்றும் சேர்ந்து கொஞ்ச நேரத்தில் மூக்கை அடைத்துவிடும். அதனால் ஒவ்வொரு தடவையும் முதல் துளிகளை ஒரு பலகையில் துப்பவிட வேண்டும். நேராக வருகிறதா என்று பார்த்த பிறகுதான் வேலையில் கை வைக்கலாம். அந்தப் பலகைக்கு எச்சில் பலகை என்று பேர். எனக்கு முன்னால் இருந்தவர் அதெல்லாம் செய்யமாட்டார். அவர் அடித்த எண்ணெல்லாம் சளி பிடித்த பிள்ளை முகம் மாதிரி ஒழுகிக்கிடக்கும்.

கறுப்பு மை மரத்துக்கு, எண் போட. சிவப்பு மை, மரம் தூக்குகிற வின்ச்சின் கம்பிவடத்துக்கு. காலையில் வடத்தைச் சாக்குத்துணியால் பிடித்து உருவிக்கொண்டே போவேன். இழை அறுந்து முள்ளாக நிற்கிற இடத்தில் சாக்கு மாட்டும். அங்கே சிவப்பு அடிப்பேன். அப்புறம் அந்த வடத்தை யாரும் தொடமாட்டார்கள். கிடங்கில் பெங்காலி உண்டு, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர்கள் உண்டு. ஒருவர் எழுத்து இன்னொருவருக்குத் தெரியாது. சிவப்பை எல்லாரும் படிப்பார்கள். சிவப்பு இல்லையென்றால் அதையும் படிப்பார்கள்.

பன்னீர்செல்வம் வின்ச் ஓட்டியவன். நல்ல பையன், அவனைக் குறை சொல்ல மாட்டேன். நான் பலகையில் துப்பவிடும்போதெல்லாம் மேலே இருந்து கேலி பேசுவான்.

"என்ன மாமா, உங்க துப்பாக்கி வெத்திலை போட்டிருக்கா? துப்பிட்டுத்தான் பேசுமா?"

"ஆமாடா. உன் வாய் மாதிரி திறந்ததும் ஒழுகாது."

மேஸ்திரி ஹால்தார் பாபு சிரிப்பார். "அச்சா தாமாத் மிலா, ஜம்பு," நல்ல மருமகன்தான் கிடைத்தான் என்பார்.

மருமகன்தான். ஜெயமணியை அவனுக்கு நானே பேசி முடித்தேன். அவனுக்கு இங்கே யாருமில்லை, வீட்டோடு இருப்பான் என்று நினைத்தேன். அவள் அம்மா செத்ததிலிருந்து அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மத்தியானம் கிடங்குக்குச் சோறு கொண்டுவருவாள். சாயங்காலம் கடையில் பொட்டலம் கட்டின பேப்பரைப் பிரித்து என்னை வாசிக்கச் சொல்வாள். தப்பாக வாசித்தால் தலையில் குட்டுவாள். கலியாணத்துக்குப் பிறகும் இதெல்லாம் இப்படியே நடக்கும் என்றுதான் நான் சம்மதித்தது.

ஆனி மாசம் அவன் வீட்டுக்கு வந்தான்.

"மாமா, மெயின்லேண்ட்ல அண்ணன் ரைஸ்மில்லுல வேலை பேசி வெச்சிருக்கான். கல்யாணம் முடிஞ்சதும் கப்பல் ஏறிடறோம்."

"திரும்பி எப்ப?"

"திரும்பி எதுக்கு மாமா? இந்த அட்டைக்கு ரத்தம் குடுக்கவா?"

ஜெயமணி சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு, "நீங்களும் வாங்கப்பா. உங்களை விட்டுட்டா போவேன்?" என்றாள். மரியாதைக்குச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியாதா?

நீங்கள் கேட்கிற அன்றைக்குக் காலையில் தூறல். வடத்தை உருவிக்கொண்டு போனேன். நடுவில் சாக்கு மாட்டியது. ஒன்றிரண்டு இழை இல்லை, ஒரு புரியே விட்டுப்போயிருந்தது. கை தன் பாட்டுக்குச் சிவப்பு டப்பாவை மாட்டியது. பம்பை மிதித்தேன். பலகையில் துப்பவிட்டேன். துளி நேராக வந்தது. மூக்கை வடத்துக்குக் கொண்டுபோனேன். பன்னீர்செல்வம் வின்ச் மேல் உட்கார்ந்து விசிலடித்துக்கொண்டிருந்தான். கப்பல் ஞாபகம் வந்தது. விரல் விசை மேல்தான் இருந்தது. அமுக்கவில்லை. நான் செய்தது அவ்வளவுதான். அதைச் செய்தது என்றுகூடச் சொல்ல முடியாது.

"வடம் டீக்கா மாமா, தூக்கலாமா?" என்று கேட்டான்.

வாயில் வெற்றிலை இருந்தது. தலையை ஆட்டினேன்.

பெரிய படாக் மரம். பாதி உயரம் போனதும் வடம் அறுந்தது. அறுந்த வடம் இழுத்த பக்கமே திரும்பி அடிக்கும். அவன் இருந்தது அந்தப் பக்கம். கஷ்டப்படவில்லை, உடனே போய்விட்டான். முதலில் ஓடிப்போய் அவனை மடியில் போட்டுக்கொண்டவன் நான்தான். கிடங்கில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

கண் மங்கிவிட்டது, கவனிக்கவில்லை என்றேன். ஹால்தார் பாபு நம்பினார். நீங்களும் நம்பினீர்கள், பாவம் வயசான ஆள் என்று டீ வாங்கிக்கொடுத்தீர்கள்.

ஜெயமணி சோற்றுத் தூக்கோடு வந்தது அப்புறம்தான். அவனை எடுத்துக்கொண்டு போன பிறகு என் கொட்டகையில் வந்து உட்கார்ந்தாள். எதிரில் பலகை. மழை ஈரத்தில் மை காயவில்லை. விரலால் தொட்டாள். விரல் சிவந்தது.

"அப்பா, இன்னைக்கு எந்த வடத்துக்குச் சிவப்பு அடிச்சீங்க?"

அவளே எழுந்து போய் ஒவ்வொரு வடமாகப் பார்த்துவிட்டு வந்தாள். எதிலும் சிவப்பு இல்லை. பழுதைப் பார்க்காதவன் சிவப்பைத் துப்பவிடமாட்டான். இது அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். அவள் எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தபோது, பதிலுக்கு அவளுக்குச் சொல்லிக்கொடுக்க என்னிடம் இருந்தது இந்த மை விஷயம் ஒன்றுதான்.

பலகையைச் சாக்கில் சுற்றி உங்களிடம் கொண்டுவந்ததும் அவள்தான். எனக்கு அதில் வருத்தமில்லை. துக்கத்தில் இருக்கிற பெண், என்ன செய்கிறோம் என்று தெரியாமல் செய்துவிட்டாள். நாலு நாள் போனால் சரியாகிவிடும். நான் இங்கே வந்து ஆறு நாளாகிறது, அவள் சோறு கொண்டுவரவில்லை. மழை விடவில்லை அல்லவா.

தண்டனை ஆனால் மெயின்லேண்ட் ஜெயில்தான், கப்பலில் ஏற்றிவிடுவார்கள் என்று காவலுக்கு நிற்கிறவர் சொல்கிறார். அவளை அந்த வீட்டில் தனியாக விட்டுவிட்டுப் போக வேண்டும். ஆளில்லாத வீட்டில் ஒருத்தர் மட்டும் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். பன்னீர்செல்வத்தின் மேல் எனக்குக் கோபம் வருவது அதை நினைக்கும்போது மட்டும்தான். அவன் ஒழுங்காக இங்கேயே இருக்கிறேன் என்று சொல்லியிருந்தால், இன்றைக்கு அவளுக்கு ஒரு துணை இருந்திருக்கும்.