சிவப்புத் தேதி

கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போகிற பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் மடியில் ஒரு நீல ஏரோகிராம் கடிதம்.

“கப்பல்லேர்ந்து எங்க வீட்டுக்காரரு எழுதியிருக்காருக்கா. ‘நான் திரும்பி வர்ற நாளுதான் நமக்கு ரெட் லெட்டர் டே’ன்னு. அப்படின்னா என்னாக்கா?”

“மறக்க முடியாத நல்ல நாள்னு அர்த்தம்லா. அந்தக் காலத்துல சர்ச் காலண்டர்ல திருநாளை மட்டும் சிவப்பு மையில எழுதுவாங்களாம். எங்க அச்சகத்துல லீவு தேதிக்கு மட்டும் சிவப்பு மை தனியா ஓட்டுறோமே, அந்த வழக்கம்தான்.”

இளையவள் கடிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். நான் இறங்க வேண்டிய பிரிக்பீல்ட்ஸ் வந்தது. நான் இறங்கவில்லை.

“காலண்டரு இருக்கு. சிவப்புப் பேனாவும் இருக்குக்கா. எந்தத் தேதின்னுதான் அவரு எழுதல.”