ஒரு சைஸ் பெரிய ஜாக்கெட்

...பிளஸ் டூ முடிச்சதும் என்ன படிப்பு, எந்தக் காலேஜ்னு நீங்க எல்லாரும் முடிவு பண்ணிட்டுத்தான் இந்தப் பெற்றோர் கூட்டத்துக்கு வந்திருக்கீங்க. முகத்தைப் பார்த்தாலே தெரியுது. சரி... அதுக்கு முன்னால என் வீட்டுக் கதை ஒண்ணைக் கேட்டுட்டுப் போங்க. கதை சின்னதுதான். சொல்றதுக்குத்தான் எனக்குக் கூச்சமா இருக்கு.

என்னை உங்களுக்குத் தெரியும். யூனிபாரம் கடைக்காரன். நான் படிச்சது பத்தாங்கிளாஸ். ஆனா ஆயிரக்கணக்கான பிள்ளைங்க தோளை அளந்தவன். கடைக்கு வர்ற அம்மா அப்பாகிட்ட நான் என்ன சொல்லுவேன்? சொல்லுங்க... ஆங்! "ஒரு சைஸ் பெருசா எடுங்க, வளர்ற பிள்ளை!" உங்க பிள்ளைங்க பாதிப் பேர் முழங்கையைத் தாண்டித் தொங்குற அரைக்கைச் சட்டையிலதான் ஆறாங்கிளாஸ் படிச்சாங்க. சிரிக்காதீங்க... காசு கொடுத்து எடுத்தது நீங்க!

என் பொண்ணு பெனிலா. இருபத்தி நாலு வயசு. ஸ்கூபா டைவிங் சென்டர்ல இருக்கா. ஆளுங்களைக் கடலுக்கு அடியில கூட்டிட்டுப் போயி, பத்திரமா மேல கொண்டு வர்ற கைடு ஆகணும்னு அவளுக்கு ஆசை. அதுக்கு ஒரு டெஸ்ட் உண்டு. டெஸ்டுக்கு முன்னால சொந்தமா ஒரு ஜாக்கெட் வாங்கணும்னு சொன்னா.

அது குளிருக்குப் போடுற ஜாக்கெட் இல்ல. கையில்லாத கோட்டு மாதிரி இருக்கும், உள்ளுக்குள்ள காத்துப்பை. பட்டனை அமுக்கினா காத்து ஏறும்... மிதக்கலாம். காத்தை விட்டா... இறங்கலாம். சிலிண்டரையும் அதுலதான் மாட்டணும். மொத்தத்துல, உசிரு அதுக்குள்ள இருக்கு.

"அப்பா, நீங்க சும்மா கூட வாங்க"ன்னா. நான் சும்மா வர்ற ஆளா?

டைவிங் சாமான் விக்கிற கடையில அவ ஒவ்வொண்ணா புரட்டினா. தையலை இழுத்துப் பார்த்தா. காத்தை நிரப்பி, காதை வச்சு, எங்கயாவது கசியுதான்னு கேட்டா. கடைசியில ஒரு கறுப்பு ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுக்கிட்டா. "இதுப்பா. கனமான துணி. பல வருசம் உழைக்கும்."

நான் போயி தோள்ல விரலை விட்டுப் பார்த்தேன். முப்பது வருசப் பழக்கம்! "பிடிக்குதே பாப்பா."

"அப்படித்தான்ப்பா இருக்கணும்."

கடைக்காரத் தம்பியும் சொன்னார், "ஆமா சார், உடம்போட ஒட்டித்தான் நிக்கணும்."

"தம்பி, நானும் துணிக்கடைக்காரன்தான். அடுத்த சைஸை எடுங்க. உழைக்கணும்னா கொஞ்சம் பெருசாத்தான் எடுக்கணும்."

பெனிலா சிரிச்சா. "நான் இனிமே எங்க வளரப்போறேன்ப்பா?"

அதோட விட்டேனா? "கல்யாணம் ஆனா சதை போடும்ல"ன்னேன்... நாலு பேர் நிக்கிற கடையில. ஒருத்தர் திரும்பி நின்னு சிரிச்சார். அவ கறுப்பு ஜாக்கெட்டைக் கழட்டி மேசையில வச்சிட்டா. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? பொண்ணு ஒத்துக்கிட்டான்னு! பெரிய சைஸுக்கே காசைக் கட்டினேன்.

டெஸ்ட் அன்னிக்கு நானும் படகுல ஏறிட்டேன். அவ சென்டரோட பழைய ஜாக்கெட் ஒண்ணை எடுத்து மாட்டப் போனா. அப்பவாவது நான் வாயை மூடிட்டு இருந்திருக்கலாம். "ஊரே போட்டுக் கழட்டினது உனக்கு எதுக்கு? அப்பா எடுத்துக் கொடுத்ததைப் போடு தாயி." என் முகத்தைப் பார்த்தா... புதுசை எடுத்து மாட்டிக்கிட்டா.

டெஸ்ட் இதுதான். களைச்சுப் போன ஒருத்தரைக் கடல் மேல நூறு மீட்டர் இழுத்துட்டு வரணும். ஜாக்கெட்ல காத்தை ஏத்தினா... ஜாக்கெட் மேல ஏறுது, பிள்ளை கீழ தொங்குது! தாடை வரைக்கும் வந்துருச்சு. ஒரு கையால அந்த ஆளைப் பிடிப்பாளா, ஒரு கையால ஜாக்கெட்டைக் கீழ இழுப்பாளா? உப்புத் தண்ணி வாய்க்குள்ள போகுது, இருமுறா, விடலை. பாதி தூரத்துல டெஸ்ட் எடுக்குறவர் விசிலை ஊதிட்டார்.

படகுல ஏத்தினதும் அவர் கத்தலை. கத்தியிருந்தா தேவலை. மெதுவாக் கேட்டார். "உனக்கே அளவாப் பார்த்து எடுக்கத் தெரியலை. நாளைக்கு உன்னை நம்பி வர்றவங்களுக்கு எப்படிம்மா எடுத்து மாட்டி விடுவே? யார் எடுத்தது இது?"

நான் மூணடி தள்ளி உக்காந்திருக்கேன்.

அவ சொன்னா... "நான்தான் சார் எடுத்தேன்."

நான் என்ன செஞ்சேன்? எந்திரிச்சு நின்னேனா? "ஐயா, அது நான்"னு சொன்னேனா? இல்ல. தண்ணி பாட்டிலைத் திறந்தேன்... குடிச்சேன். தாகமே இல்ல எனக்கு.

அவ பேருக்கு நேரா "தேறவில்லை"ன்னு எழுதிட்டார். மூணு மாசம் கழிச்சு வரச் சொன்னார். வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் அவதான் பேசினா. "விடுங்கப்பா, கடல் கொஞ்சம் ஆட்டம் இன்னிக்கு"ங்கிறா. எனக்கு ஆறுதல் சொல்றா!

அம்மாமாரே, அய்யாமாரே... பிள்ளைங்களுக்கு எடுத்துக் கொடுக்காதீங்கன்னு நான் சொல்ல வரலை. ஆனா அதை மாட்டிக்கிட்டுத் தண்ணியில இறங்குறது நாம இல்ல. நீங்க எடுத்துக் கொடுத்த படிப்பு நாளைக்கு உங்க பிள்ளை கழுத்தை நெரிச்சா, தேறலைன்னு உங்க பேருக்கா எழுதுவாங்க? அவன் பேருக்குத்தானே! யாராவது கேட்டா, உங்களை விட்டுக் கொடுக்க மனசில்லாம அவனும் சொல்லுவான்... "நானாத்தான் எடுத்தேன்." அப்ப எந்திரிச்சு "இல்ல, நான்தான்"னு சொல்ற தைரியம் இருக்கா உங்களுக்கு? எனக்கு இருக்கும்னுதான் நானும் நினைச்சேன்.

அவளுக்கு அடுத்த வாரம் மறுபடியும் டெஸ்ட். அதே ஆள்தான் எடுக்குறார். அவர் நம்பர் என் போன்ல இருக்கு. எத்தனையோ தடவை எடுத்து எடுத்து வச்சிட்டேன். உங்க இருநூறு பேருக்கு முன்னால சொல்ல முடியுது... அவர் ஒருத்தர்கிட்ட சொல்ல முடியலை. இதோ, மேடையை விட்டு இறங்கினதும் வெளிய போயி பேசப்போறேன். நான் பேசாம திரும்பி வந்தா, எம் மூஞ்சியைப் பார்த்தே உங்களுக்குத் தெரிஞ்சிரும். சும்மா விட்டுறாதீங்க என்னை.