ஆறு பேருக்கு ஒரு மேசை

இல்லல்ல, வெச்சிடாதீங்க மேடம், லைன்லதான் இருக்கேன். சத்தம் கம்மியா வருதுன்னா நான் கம்மியாத்தான் பேசுறேன். கடை குடோன்ல இருக்கேன். குளிக்கிற தொட்டி இருக்குல்ல, பாத்டப்பு, அதுக்குள்ள உக்காந்து பேசிட்டிருக்கேன். அய்யோ, தண்ணியெல்லாம் இல்ல மேடம். விக்கிறதுக்கு வெச்சது, மேல சுத்துன பிளாஸ்டிக்கக்கூடப் பிரிக்கல. வேற எங்க நின்னாலும் கேமராவுல தெரிஞ்சிடுவேன். மூணு கேமராவும் எங்க மாமனார் போன்ல ஓடும். இந்தத் தொட்டி மட்டுந்தான் தூணுக்குப் பின்னாடி மாட்டிக்கிட்டுக் கெடக்கு.

ஆங், விஷயத்துக்கு வர்றேன். அடுத்த மாசம் மூணு நாளு உங்க தீம் பார்க்குக்கு வர்றோம். டிக்கெட்டு, ரூமு எல்லாம் போட்டாச்சு. சாப்பாட்டுக்கு முன்னாடியே மேசை புக் பண்ணணுமா வேணாமான்னுதான் வீட்டுல ஒரு வாரமா பஞ்சாயத்து ஓடிட்டிருக்கு. மாமா சொல்றாரு, பசிச்சாச் சாப்பிடுறது சாப்பாடு, மணி பாத்துச் சாப்பிடுறது மாத்திரைன்னு. மச்சினன் எங்கயோ படிச்சிட்டு வந்து, புக் பண்ணலன்னா வரிசையில நின்னே கால் வீங்கிடும்ங்கிறான். அவன் பொண்டாட்டி, புக் பண்ணிட்டுப் போகலன்னா அபராதமாமேன்னு பயப்படுது. எங்க அத்தை யார் பேசுனாலும் அவங்க பக்கம் தலையாட்டுவாங்க. கடைசியில எல்லாருமாச் சேந்து என்னயப் பாத்தாங்க. எங்க வீட்டு ஏற்பாடு அப்படி. முடிவு எடுக்குறது மாமா, அது சொதப்புனா வாங்கிக் கட்டிக்கிறது நான். நீங்களே விசாரிச்சு என்ன வேணா பண்ணுங்க மாப்பிள்ளைன்னுட்டாரு. மரியாதைக்கெல்லாம் ஒரு கொறையும் கெடையாது மேடம். மாப்பிள்ளை, அந்த சிமெண்டு மூட்டையக் கொஞ்சம் தூக்குங்கன்னு வாங்க போங்கன்னுதான் சொல்லுவாரு.

ஆமா, வீட்டோட மாப்பிள்ளை. கரெக்டாப் புடிச்சிட்டீங்க. கீழ கடை, மேல வீடு. பைப்பு, குழாய், வாஷ்பேசின், இந்தச் சாமானெல்லாம். நான் முன்னாடி ஒரு மில்லுல பம்பு மெக்கானிக்கா இருந்தேன். மில்ல மூடிட்டாங்க. வேற வேலை கெடைக்கிற வரைக்கும் ரெண்டு மாசம் நம்ம கடையில நில்லுங்க மாப்பிள்ளைன்னாரு மாமா. எம் பொண்ணு அப்போ கைக்கொழந்தை. இப்போ ஆறாங்கிளாஸ் படிக்கிறா. அந்த ரெண்டு மாசம் இன்னும் முடியல.

இருங்க, ஒரு நிமிஷம். வந்துட்டேன் மாமா! முக்கா இஞ்சு எல்போ தேடிட்டிருக்கேன். இருக்கு, இருக்கு, எடுத்துட்டு வர்றேன்.

சொல்லுங்க மேடம். இல்ல, அந்த எல்போ, பைப்பு திருப்புற முட்டி, கையிலதான் இருக்கு. தேடுறேன்னு சொன்னாத்தான் அஞ்சு நிமிஷம் கெடைக்கும்.

என்ன சொன்னீங்க, புக் பண்ணாமலே கவுண்டர்ல வாங்கிச் சாப்பிடலாமா? ஒரு தட்டு எடுத்தமா, நடந்துக்கிட்டே முடிச்சமான்னு? அதுதான் மேடம் கூடவே கூடாது. மத்தவங்களுக்கு அது நல்லதா இருக்கலாம். எங்க மாமா வரிசையில நாலு பேரப் பாத்தாலே திரும்பிடுவாரு. நின்ன எடத்துலயே ஒரு பன்னு வாங்கிக் கடிச்சுக்கிட்டு, வாங்க அடுத்ததப் பாப்போம்னு நடக்க ஆரம்பிச்சிடுவாரு. அவரு நடந்தா பின்னாடியே நான் நடக்கணும். பை என் தோள்ல, தண்ணி பாட்டில் என் கையில, அவரோட கண்ணாடிக்கூடு என் சட்டைப் பையில. எனக்கு அவரு நடக்கக் கூடாது. உக்காரணும். நல்லா, சாவகாசமா, சாஞ்சு உக்காரணும்.

மூணு நாளுக்குமா? மொத நாளும் மூணாம் நாளும் பட்டினி கெடந்தாக்கூடப் பரவால்ல மேடம். ரெண்டாம் நாளு மத்தியானம். அது ஒண்ணுதான் எனக்கு முக்கியம். ஒரு மணிக்கு உக்காந்தா ரெண்டரைக்கு முன்னாடி எந்திரிக்க முடியாத மாதிரி ஒரு எடம் இருந்தாச் சொல்லுங்க. சாப்பாடு சுமாரா இருந்தாலும் ஒண்ணுமில்ல. லேட்டாக் குடுக்கணும். சிரிக்காதீங்க மேடம், உண்மையாத்தான் கேக்குறேன். உங்ககிட்ட இருக்குறதுலயே ரொம்ப சோம்பேறித்தனமாப் பரிமாறுற ஹோட்டல் எது?

கோட்டை ஹோட்டலா? அதுல என்ன? கரடி வேஷம் போட்டவங்க மேசை மேசையா வருவாங்களா? ஐயோ, வேணாம். கரடி வந்து மாமா தோள்ல கைய வெச்சா அத்தோட எந்திரிச்சிடுவாரு.

அடுத்தது? ஏரி நடுவுலயா? தீவா? இருங்க இருங்க, மெதுவாச் சொல்லுங்க. படகுலதான் போகணும். அரை மணிக்கொரு படகு. சூப்புலேர்ந்து ஐஸ்கிரீம் வரைக்கும் அஞ்சு வகை, ஒண்ணு முடிஞ்சாத்தான் அடுத்தது வரும். மேடம், நீங்க நல்லா இருக்கணும். அதப் போடுங்க. ரெண்டாம் நாளு, ஒரு மணி. இருக்கா? ஒரே ஒரு மேசையா? போடுங்க, போடுங்க, உடனே போடுங்க.

நாங்க ஏழு பேரு. மாமா, அத்தை, மச்சினன், அவன் சம்சாரம், என் வீட்டுக்காரி, எம் பொண்ணு, நான். ஆனா மேசை ஆறு பேருக்குப் போடுங்க.

இல்ல மேடம், எண்ணிக்கையெல்லாம் சரிதான். ஏழு பேருதான் வர்றோம், ஆறு பேருக்குத்தான் மேசை. எங்க பொண்ணு மடியில உக்கார்ற வயசில்ல, சொன்னேன்ல, ஆறாங்கிளாஸ்.

அய்யய்யோ, வேணாம் மேடம். எக்ஸ்ட்ரா நாற்காலி வேணவே வேணாம். உங்களுக்குச் செரமம் இல்லன்னு தெரியும், நல்ல மனசோடதான் சொல்றீங்க. ஆனா அது மட்டும் வேணாம். படகுல ஏத்துறப்போ தல எண்ணுவாங்களா? புக்கிங்ல இருக்குற ஆளுக்கு மேல ஏத்த மாட்டாங்கதானே? அதான் வேணும். கரையிலயே ஒருத்தர நிப்பாட்டிரணும்.

வேற யாரு, நான்தான். மாமா திட்டுவாரு. ஒரு மேசை போடத் துப்பில்ல, ஏழு பேருன்னு எண்ணத் தெரியாதான்னு எல்லாரு முன்னாடியும் கேப்பாரு. நானும் தலையச் சொறிஞ்சுக்கிட்டு, தப்பாப் போட்டுட்டேன் மாமா, நீங்க போங்க, நான் இந்தப் பக்கம் எதாவது சாப்பிட்டுக்குறேம்பேன். யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. நான் தப்புப் பண்றது எங்க வீட்டுல அதிசயமே இல்ல.

நல்ல கேள்வி. பாதியில எந்திரிச்சுப் போக வேண்டியதுதானேன்னா, அது முடியாது. எங்க வீட்டுல மாமா உக்காந்தாத்தான் மத்தவங்க உக்காரணும், மாமா எந்திரிச்சாத்தான் மத்தவங்க எந்திரிக்கணும். நடுவுல போன் அடிச்சாலும் சரி, வாசல்ல யாரு கூப்பிட்டாலும் சரி. சாப்பிட்டுக் கை காஞ்சு போய் உக்காந்திருப்போம், அவரு பழைய கதையெல்லாம் சொல்லி முடிக்கிற வரைக்கும். எம் பொண்ணு ஒருநாளு ஸ்கூல் பஸ்ஸையே விட்டுட்டா. அதனால நான் உக்காந்தாப் போச்சு. உக்காராமலே இருந்தாத்தான் உண்டு.

தனியாவா? எனக்குத் தனியாங்கிறதே கெடையாது மேடம். முடி வெட்டப் போனாலே ரெண்டு தடவ போன் வரும். டாக்டருகிட்டப் போறேன்னா மச்சினன் வண்டியெடுத்துட்டு வந்துருவான். அவங்க கெட்டவங்கன்னு சொல்லல. ஒரு நாளும் அடிச்சதில்ல, சாப்பாட்டுக்குக் கொறை வெச்சதில்ல. மாமா எனக்குக் காய்ச்சல்னா பக்கத்துலயே உக்காந்திருப்பாரு. அதான் மேடம் கஷ்டம். கெட்டவரா இருந்தாச் சண்டை போட்டுட்டுக் கெளம்பியிருப்பேன்.

வெளிய வேலை கேக்காமலா இருப்பேன்? ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு தொழிற்சாலையில பம்புக்கு ஆள் கேட்டாங்க. போனேன், நல்லாத்தான் பேசுனாங்க. சாயந்தரம் அந்த மேனேஜரு மாமாவுக்குப் போன் பண்றாரு, உங்க மாப்பிள்ளை வந்தாரேன்னு. இந்த ஊர்ல யாரு பைப்பு வாங்குனாலும் எங்க கடைதான, எல்லாருக்கும் அவரத் தெரியும். மாமா என் காதுபடத்தான் பேசுனாரு. கோவமே இல்ல. அவருக்கு வேலை எதுக்குங்க, இது அவரு கடைதானேன்னு சிரிச்சாரு. போன வெச்சிட்டு என்னப் பாத்து, சாப்பிட்டீங்களா மாப்பிள்ளைன்னாரு. அப்புறம் ஒரு வருஷம் பேப்பர்ல வேலை விளம்பரத்தையே பாக்கல.

வந்துட்டேன் மாமா! இது அரை இஞ்சு போலருக்கு, மாத்தி எடுக்குறேன்!

மேடம், சீக்கிரம் முடிச்சிடுறேன். புக்கிங் ஆயிடுச்சா? ஆறு பேரு, ஒரு மணி, தீவு ஹோட்டல். ஏழாவது நாற்காலி எந்தக் காரணத்துக்காகவும் போடக் கூடாதுன்னு அதுல குறிப்பு எழுத முடியுமா? எழுதுங்க. அங்க இருக்குறவங்களும் உங்கள மாதிரியே நல்லவங்களா இருந்து காரியத்தக் கெடுத்துடப் போறாங்க.

அப்புறம் இன்னும் ஒரே ஒரு கேள்வி. அந்தப் படகு ஏத்துற எடத்துலேர்ந்து உங்க பராமரிப்பு ஆபீசுக்கு நடந்தா எவ்வளவு நேரம் ஆகும்?

ஆமா, உங்க ஆபீஸ்தான். மூணாம் கேட்டுக்குப் பின்னாடி, தண்ணி விளையாட்டுக்கெல்லாம் பம்பு ஓட்டுவாங்களே, அந்தக் கட்டடம். ஒண்ணரை மணிக்கு என்னய வரச் சொல்லியிருக்காங்க. இன்டர்வியூ. தேறிட்டா தங்குறதுக்கு வீடும் குடுப்பாங்களாம், ரெண்டு ரூமு. சிரிச்ச மாதிரி கேட்டுச்சு. இல்லியா? சரி சரி. பத்து நிமிஷமா? பத்து நிமிஷம்னா போதும்.

இல்ல மேடம், என் வீட்டுக்காரிக்குத் தெரியும். விளம்பரத்தப் பாத்ததே அவதான். பொட்டலம் மடிச்ச பேப்பர்ல இருந்துச்சாம், கிழிச்சு எம் பொண்ணோட கணக்குப் புஸ்தகத்துல வெச்சிருந்தா. அப்புறம்தான் அவங்கப்பாகிட்டப் போயி, கொழந்தைய பார்க்குக்குக் கூட்டிட்டுப் போகணும்ப்பான்னு நின்னா. கல்யாணத்துக்கப்புறம் அவருகிட்ட அவ எதுவுமே கேட்டதில்ல, அதனால அவரால மறுக்க முடியல.

அந்த பயம் எனக்கும் இருந்துச்சு. அரை மணிக்கொரு படகு இருக்கே, மாமா பாதியிலயே போதும்னு எந்திரிச்சிட்டா, அந்த ஆபீஸ்ல ரெண்டு மணிக்கு மேல ஆயிட்டா என்ன பண்றதுன்னு நேத்துக் கேட்டேன் அவகிட்ட. எங்க மாமாகிட்ட ஒரு கொணம் உண்டு. தம் மக தட்டுல ஒரு வாய் மிச்சம் இருந்தாலும் அவரு எந்திரிக்க மாட்டாரு. அவ துணி மடிச்சிக்கிட்டிருந்தா, நிமிந்துகூடப் பாக்கல.

நீங்க போங்க, நான் மெதுவாச் சாப்பிடுறேன்னா.