அம்மா இருமக் கூடாது

சுஜா: …அதனால, நோய்க்கிருமிகிட்ட இருந்து உடம்பைக் காக்குத டி செல்லு, பகையாளியக் கண்டதும் சண்டைக்குப் போயிராதும்மா. அவனைக் காட்டிக் குடுக்கற செல்லு, ரெண்டாவதா ஒரு சிக்னலும் குடுக்கணும். “ம், போடு”ன்னு. அதை வாங்கிக்கிறதுக்குப் பேரு சி.டி. இருபத்தெட்டு.

அம்மா: பஸ் நம்பர் மாதிரில்லா இருக்கு. ஏட்டி, எம்.எஸ்ஸி. பரீட்சைக்கு அடுக்களையிலயா படிப்பாங்க? அந்த மிளகாய் வத்தலை எடு, வறுக்கணும்.

சுஜா: உனக்குப் புரியும்மா. பக்கத்து வயல் ஆறுமுகப்பெருமாள் நம்ம தண்ணியத் திருப்பினாருல்லா… அப்பா கண்டதும் சண்டை போட்டாரா?

அம்மா: வேட்டிய மடிச்சுக் கெட்டிட்டு நின்னாரு.

சுஜா: எதுவரைக்கும்?

அம்மா: …நான் பின்னால நின்னு இருமுத வரைக்கும்.

சுஜா: அதான் ரெண்டாவது சிக்னல்!

அம்மா: போட்டி! எனக்குத் தொண்டை கரகரத்துச்சு.

சுஜா: எல்லாச் சண்டைக்குமா கரகரக்கும்?

அம்மா: சரி… இருமாம இருந்தா?

சுஜா: அங்கதான் விசேஷம்! முதல் தடவை பாக்கையில ரெண்டாவது சிக்னல் வரலன்னா, செல்லு மரத்துப் போவும். பிறகு அதே ஆளை எத்தனை மட்டம் கண்டாலும் அடிக்காது.

அம்மா: ஓகோ… இப்ப யாரு வாறா?

சுஜா: யா… யாருமில்ல. பரீட்சைக்குச் சொன்னேன்.

அப்பா: ஏட்டி அழகி! வாசல்ல ஒருத்தன் பைக்குல வந்து நிக்கான். ஆறுமுகப்பெருமாளுக்க மவனாம்! துபாய்லேருந்து வந்தவனாம்! பேரு ஆனந்தகிருஷ்ணனாம்!

சுஜா: அம்மா… இருமிராத.

அம்மா: வத்தல் கமறுது மக்கா…

சுஜா: அடுப்பை அணை! வாயப் பொத்து! லொக்… லொக்கு… லொக்கு…

அப்பா: யாருட்டி இருமுதது?

சுஜா: நான்தாம்ப்பா!

அப்பா: அது கணக்கில்ல. அழகி! வேட்டிய மடிச்சுக் கெட்டியாச்சு. கேக்குதா?

அம்மா: …

அப்பா: அழகி…?

அம்மா: …

அப்பா: …அப்பம் சரி. உள்ள வா பிள்ளே, ஏன் வெயில்ல நிக்க?

சுஜா: அம்மா! இந்தக் காட்டத்துல எப்பிடிம்மா அடக்கின?

அம்மா: வாயில கற்கண்டு கிடக்கு. காலையிலேருந்தே.

சுஜா: காலையிலேருந்தா? அவரு இன்னைக்கு வாறது எங்க ரெண்டு பேருக்கும் மட்டும்தானே…

அம்மா: உனக்கப் பரீட்சை போன மாசமே முடிஞ்சாச்சு, எனக்குத் தெரியாதா? பூதப்பாண்டி தேரோட்டத்துல அவனுக்க அம்மையக் கண்டு, இன்னைக்கு அனுப்பி வைன்னு சொன்னதே நான்தாண்டி. போ, பாலை அடுப்புல வை.